டி அண்ட் டி புத்தகம் மூணு வாங்கினா 150 டாலர், இது நியாயமா?

கேள்வி (2 மார்ச் 2025)

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதான் மேசையைச் சுத்தி உக்காந்து பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமா கதை ஆடுற விளையாட்டு, அதோட மூணு அடிப்படை விதிப் புத்தகத்துல கடைசியா போன மாசம் மான்ஸ்டர் மேனுவலும் வந்தாச்சு. மூணு புக்கையும் சேர்த்தா 150 டாலர், வரி தனி. 2000-ல காலேஜ்ல இருந்தப்ப ஒண்ணு 20 டாலருக்கு வாங்கின ஞாபகம். எப்படி இவ்வளவு ஏறுச்சு? இனிமே இது வசதி இருக்கறவங்க விளையாட்டுதானா? பழைய ஆளுங்க யாராவது சொல்லுங்க.

2 மார்ச், இரவு

பழைய ஆள் என்றால் நான்தான் வர வேண்டும். மில்வாக்கியில் பத்து வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அஞ்சு பேருக்கு டிஎம், அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவள்.

உங்கள் ஞாபகம் சரி. 2000-ல் மூன்றாம் பதிப்பு 19.95 டாலர். அது ஆள் பிடிக்க வைத்த விலை. 2003-ல் 3.5 என்று திருத்தி விட்டபோதே 29.95 ஆகிவிட்டது. 2008-ல் நான்காம் பதிப்பு 34.95. 2014-ல் ஐந்தாம் பதிப்பு 49.95. 2024-ல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக், விளையாடுகிறவர்களுக்கான விதிநூல், 49.99. பத்து வருஷத்தில் ஏறியது நாலு சென்ட். பக்கம் 320-லிருந்து 384 ஆகியிருக்கிறது.

விலைவாசியைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 2003-இன் 29.95 இன்றைய காசில் 50-ஐத் தொடும். 2008-இன் 34.95-உம் அங்கேயேதான் வந்து நிற்கும். 2014-இன் 49.95 இன்றைக்கு 65-க்கும் மேல். அதாவது புத்தகம் மலிவாகியிருக்கிறது. அடிக்க வராதீர்கள், கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

3 மார்ச்

நேற்று ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். 2023 ஆகஸ்ட்டில் ராட்சதர்களைப் பற்றிய புத்தகம் வந்ததே, அதிலிருந்து புதிய துணைநூல்களும் சாகச நூல்களும் 49.95-லிருந்து 59.95-க்குப் போய்விட்டன. அடிப்படை மூன்று மட்டும்தான் 50-ல் நிற்கின்றன. இட்லி விலை அப்படியே, பொடிக்கும் நெய்க்கும் தனிக்காசு என்கிற மாதிரி.

இன்னொன்று, விலைவாசிக் கணக்கு யாருக்கு ஆறுதல்? சம்பளமும் கூடவே ஏறியவருக்கு. வாடகையும் இன்சூரன்ஸும் போக மிஞ்சுகிற காசில்தான் பகடையும் புத்தகமும். அந்த மிச்சம் எனக்கு ஏறவில்லை. உங்களுக்கு ஏறியிருந்தால் சந்தோஷம்.

9 மார்ச்

"ஆரம்பத்தில் இது ஏழைப் பையன்களின் விளையாட்டு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது.

எங்கள் வீட்டிலிருந்து லேக் ஜெனீவா ஒரு மணி நேர ஓட்டம். டி அண்ட் டியை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் இருந்த ஊர். ஏரியைச் சுற்றிப் பணக்காரர்களின் கோடை வீடுகள், உள்ளே வந்தால் சாதாரணச் சின்ன ஊர். 1968-ல் ஜென் கான் என்ற விளையாட்டு மாநாடு முதல்முதலில் நடந்த ஹார்டிகல்ச்சரல் ஹால் இன்னும் நிற்கிறது. கல்யாண வரவேற்பு நடத்துகிற மண்டபம் போலத்தான் இருக்கும். கார் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தேன். வீட்டுக்காரர் "இதுக்காடி வந்தோம்?" என்றார்.

அங்கிருந்துதான் 1974-ல் முதல் பெட்டி வந்தது. ஆயிரம் பிரதி. மூன்று சின்னப் புத்தகங்கள், மொத்தம் 112 பக்கம், விலை 10 டாலர். இன்றைய காசில் 60-க்கு மேல்! அதையும் வாங்கி உடனே விளையாட முடியாது. சண்டை விதிக்கு அவர்களுடைய பழைய செயின்மெயில் புத்தகம் தேவை, காட்டில் அலைய வேறொரு கம்பெனியின் பலகை விளையாட்டு வேண்டும் என்று அந்தப் பெட்டியே சொல்கிறது. பகடையும் பெட்டிக்குள் கிடையாது. மாணவர்கள் என்ன செய்தார்கள்? ஜெராக்ஸ் எடுத்தார்கள். திருட்டு பிடிஎஃப் இன்று நேற்று வந்த பழக்கமில்லை.

அன்று 112 பக்கம், இன்று மூன்று புத்தகம் சேர்த்து 1,152 பக்கம். பக்கக் கணக்கில் எவ்வளவோ மலிவு என்று ஒரு வரி எழுதி அழித்தேன். பக்கத்தை எடைக்கா போடுகிறோம்?

10 மார்ச்

மாமியார் ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. நான் போனில் "டேபிள்டாப் கேம்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "டேபிள்டாப்பா? அதுல மாவாட்டுவாங்க, விளையாட்டு எப்படிம்மா ஆட முடியும்?" என்றார். கிரைண்டரைத்தான் சொல்கிறார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு எங்கள் வீட்டில் மாவாட்டு என்று பெயர்.

இதற்கும் விலைக்கும் சம்பந்தமில்லை. பிறகு வரும்.

22 மார்ச்

புத்தகத்தின் காசு யாருக்குப் போகிறது என்று கேட்டவருக்கு. 50 டாலர் புத்தகத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு கடைக்காரருக்கு. நடுவில் விநியோகஸ்தர். பதிப்பாளர் கைக்கு 40 சதவீதம், அதாவது 20 டாலர் வந்தால் பெரிது. அந்த இருபதில் அச்சுக்கூலி, கப்பல் கூலி, ஓவியம், எடிட்டிங், எழுத்து எல்லாம். முழு வண்ணம், கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் படம். எழுத்தாளருக்குச் சொல்லுக்கு இத்தனை சென்ட் என்றுதான் கூலி, அந்த எண்ணிக்கை ஒரு கை விரலுக்குள் அடங்கிய காலமே அதிகம். 2021 அக்டோபரில், பாத்ஃபைண்டர் என்ற போட்டி விளையாட்டை வெளியிடும் பைசோ கம்பெனியின் ஊழியர்கள் சங்கம் வைத்ததைப் பார்த்தபோது, இத்தனை வருஷம் இந்த விலையை யாருடைய வயிறு தாங்கிக்கொண்டிருந்தது என்று புரிந்தது.

பெரிய கம்பெனிக்கு ஒரே அச்சில் லட்சக்கணக்கில் ஓடும், சமாளித்துக்கொள்ளும். இரண்டாயிரம் பிரதி போடுகிற சின்னப் பதிப்பாளர் அதே 50-ல் நிற்க முடியாது. ஆனால் நாம் அவருடைய புத்தகத்தை எடுத்துப் பார்த்து "டி அண்ட் டியே ஐம்பதுதான், இது அறுபதா?" என்று திரும்ப வைத்துவிடுகிறோம். நானும் வைத்திருக்கிறேன்.

25 மார்ச்

ஆன்லைனில் 30 டாலருக்குக் கிடைக்கும்போது கடையில் 50 கொடுப்பவர் முட்டாள் என்று ஒருவர்.

அந்த முட்டாள் பாதி நாள் நான். மீதி நாள் நானும் கெட்டிக்காரிதான். எங்கள் பக்கத்துக் கடையில் பின்னால் ஆறு மேசை போட்டிருக்கிறார்கள், வாடகை கிடையாது. முதல் மூன்று வருஷம் அங்கேதான் விளையாடினோம். அந்த மேசையில் உட்கார்ந்து, ஆன்லைனில் வாங்கிய புத்தகத்தை விரித்து வைத்தேன். கடைக்காரர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஜனவரியில் டயமண்ட் விநியோக நிறுவனம் திவால் மனு போட்டதே, அலையன்ஸ் என்ற விளையாட்டு விநியோகம் அதன் கிளை. சின்னக் கடைகளுக்குப் பெட்டி வருகிற பெரிய வழிகளில் ஒன்று அது.

10 ஏப்ரல்

சீனச் சரக்குக்கு அமெரிக்காவில் 145 சதவீதம் இறக்குமதி வரி. முடிந்தது கதை. வண்ணப் புத்தகத்தில் பெரும்பங்கு அங்கேதான் அச்சாகிறது. 50 டாலர் புத்தகம் 100-க்கு மேல் போகும். வாங்க வேண்டியதை இப்போதே வாங்கிவிடுங்கள். நான் இரண்டு ஆர்டர் போட்டுவிட்டேன்.

13 ஏப்ரல்

10-ஆம் தேதி எழுதியது தப்பு. அழிக்காமல் விடுகிறேன், அவசரப்பட்டதற்குத் தண்டனை.

முதல் தப்பு: அந்த வரி விதித்த சட்டத்திலேயே அச்சுப் புத்தகம், திரைப்படம், இசை போன்ற தகவல் பொருள்களுக்கு விலக்கு இருக்கிறது. வெறும் புத்தகமாக வந்தால் அந்த வரி இல்லை. அடி விழுவது பகடைக்கும், பொம்மைக்கும், அட்டைப் பலகைக்கும், எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட பெட்டிக்கும். புத்தகத்தோடு பகடை சேர்ந்து ஒரே பெட்டியில் வந்தால் அது புத்தகமா பொம்மையா என்பது சுங்கத்துக்காரர் பாடு.

இரண்டாவது: வரி போடுவது இறக்குமதி விலையின் மேல், கடை விலையின் மேல் இல்லை. ஆறு ஏழு டாலருக்கு அச்சாகி வருகிற பொருளுக்கு 145 சதவீதம் போட்டாலும் 50 நேரே 120 ஆகாது. ஏறும், அந்த அளவுக்கு இல்லை. பொறியியல் படித்தவள், இதைக்கூடப் பார்க்காமல் கார்டைத் தேய்த்துவிட்டேன்.

ஆர்டர் போட்ட இரண்டில் ஒன்றை ரத்து செய்ய முடியவில்லை. வருகிறது.

14 ஏப்ரல்

கோயம்புத்தூரில் இருக்கும் என் அத்தை பையன் இதைப் படித்துவிட்டு வாட்ஸாப்பில்: "அண்ணி, பத்து வருஷத்துல நாலு சென்ட்டுன்னு எழுதியிருக்கீங்க. இங்க வந்து சொல்லுங்க பார்ப்போம்."

அவன் சொல்வது நியாயம். 2014-ல் டாலர் 60 ரூபாய்ச் சொச்சம், புத்தகம் 3,000 ரூபாய். இப்போது டாலர் 86, அதே 50 டாலர் 4,300. 2019 பட்ஜெட்டிலிருந்து இறக்குமதிப் புத்தகத்துக்கு 5 சதவீதச் சுங்கம் வேறு. அவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கி, மாதம் ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்கிறார்களாம். புத்தாண்டு வாழ்த்து சொல்ல அழைத்தவன் முக்கால் மணி நேரம் இதைத்தான் பேசினான்.

(அண்ணி இல்லை, மதனி என்று கூப்பிடச் சொல்லி மாமியார் பின்னாலிருந்து திருத்தினார். அதுவும் முறைப்படி தப்பு. அத்தை பையனுக்கு நான் எப்படி அண்ணியாவேன்? அவன் என் வீட்டுக்காரரோடு தம்பி மாதிரி பழகியதால் வந்த பழக்கம். விடுங்கள்.)

26 ஏப்ரல்

"வாங்கவே வேண்டாம், இலவசமாகவே விளையாடலாம்" கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. இந்த வாரம் டி அண்ட் டியின் புதிய விதிகளின் 5.2 தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸில், அதாவது யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில், விட்டிருக்கிறார்கள். 2023 ஜனவரியில், இந்த விதிகளை வைத்து மற்றவர்கள் புத்தகம் போடுகிற உரிமத்தை மாற்றப் பார்த்துச் சண்டை வெடித்து, ஊரே திரண்டு திட்டிய பிறகு 5.1-ஐ விட்டார்களே, அதன் தொடர்ச்சி. பாத்ஃபைண்டர் விதிகள் முழுசும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில், கம்பெனி அனுமதியோடு, காசில்லாமல் கிடக்கின்றன. அயர்ன்ஸ்வோர்ன் என்ற வேறொரு விளையாட்டின் பிடிஎஃப் இலவசம். பேசிக் ஃபேண்டஸி என்று ஒன்று உண்டு, அச்சுப் பிரதியே அச்சுக்கூலிக்கு மட்டும்.

அப்படியானால் 50 டாலர் எதற்கு? எனக்குத் தெரிந்த பதில் கொஞ்சம் வெட்கமானது. மேசையில் பெரிய புத்தகம் இருந்தால்தான் என் ஆட்கள் விதியை நம்புகிறார்கள். போனைப் பார்த்து "நீ செத்துட்ட" என்றால் சண்டை பிடிக்கிறார்கள். புத்தகத்தைத் திருப்பிக் காட்டினால் சாகிறார்கள்.

27 ஏப்ரல்

பிடிஎஃப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2009 ஏப்ரலில், டி அண்ட் டியை வெளியிடும் விசார்ட்ஸ் கம்பெனி ஒரே நாளில் தன் பிடிஎஃப் எல்லாவற்றையும் கடையிலிருந்து எடுத்தது, திருட்டைக் காரணம் சொல்லி. அதே வருஷம் பைசோ 576 பக்கப் பாத்ஃபைண்டர் புத்தகத்தை 49.99-க்கு அச்சிலும் 9.99-க்குப் பிடிஎஃபிலும் கொடுத்தது. யார் பக்கம் ஆட்கள் போனார்கள் என்று சொல்ல வேண்டுமா?

எனக்கு உண்மையில் கோபம் வந்தது 2024-ல். டி அண்ட் டி பியாண்ட் என்ற அவர்களுடைய இணையதளத்தில் அதுவரை சில்லறையாக வாங்கலாம். ஒரு உபவகுப்பு (பாத்திரத்துக்கான சிறப்புத் திறமைத் தொகுதி) மட்டும் வேண்டுமா, இரண்டு டாலர். எங்கள் மேசையில் ஒரு கல்லூரிப் பெண் அப்படித்தான் தன் பாத்திரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தாள். அதை நிறுத்திவிட்டார்கள். முழுப் புத்தகமாக வாங்கு, 30 டாலர். கடலூர் சின்னி கிருஷ்ணன் பாட்டில் வாங்க முடியாதவர்களுக்காக ஷாம்புவைப் பாக்கெட்டில் போட்டார், ஊரே தலை குளித்தது. இவர்கள் கையில் இருந்த பாக்கெட்டைப் பிடுங்கி, பாட்டில் வாங்கு என்கிறார்கள். 50 டாலர் அச்சுப் புத்தகத்தைப் பற்றி நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். விலை ஏறியது இங்கே.

13 மே

அமெரிக்காவும் சீனாவும் ஜெனீவாவில் பேசி முடித்துவிட்டார்களாம். சீன வரி 145-லிருந்து 30. மாமியார் டிவியைப் பார்த்துவிட்டு, "உங்க ஊருக்குப் பக்கத்துலயா?" என்றார். இல்லை அத்தை, அது சுவிட்சர்லாந்து ஜெனீவா. நம் ஜெனீவாவில் தீர்மானித்திருந்தால் இருபது முகப் பகடை உருட்டித்தான் வரி போட்டிருப்பார்கள். எது மேல் என்று தெரியவில்லை.

ஏப்ரலில் பயந்து போட்ட ஆர்டர் வந்துவிட்டது. இன்னும் பிரிக்கவில்லை.

17 மே

அலமாரியை எண்ணினேன். எண்ணியிருக்கக் கூடாது.

31 கெட்டி அட்டைப் புத்தகம். அதில் மேசைக்கு வந்து விளையாடியவை 6. மீதி 25-இல் பாதி முன்னுரையைத் தாண்டவில்லை. இரண்டு பிளாஸ்டிக் உறையோடு இருக்கின்றன (ஏப்ரல் ஆர்டரைச் சேர்த்து). ஆறு புத்தகத்துக்குக் கொடுத்ததில் ஒரு சென்ட்கூட வீணில்லை. ஒன்றில் சாம்பார்க் கறை, ஒன்றில் என் பையன் மூன்று வயதில் போட்ட கிரேயான். "மணிக்கு இத்தனை சென்ட்தான் ஆகிறது" என்று கணக்குப் போடுகிறவர்கள் அந்த ஆறை மட்டும் போடுகிறார்கள்.

மார்ச்சில் விலை ஏறவில்லை என்று நிரூபிக்கக் கிளம்பினேன். ஏறியிருந்தால் நான் இவ்வளவு வாங்கியிருக்க மாட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

24 மே

விளையாடிய ஆறில் ஒன்று உடைந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நடுப்பக்கத்தில் விரித்து அழுத்தினேன், முதுகு "டக்" என்றது, ஒரு ஃபாரம் முழுசும் கையோடு வந்துவிட்டது. பேய்களும் எலும்புக்கூடுகளும் இருந்த பதினாறு பக்கம்.

மதுரைச் சித்தப்பா முப்பது வருஷம் பைண்டிங் வேலை பார்த்தவர். வீடியோ அழைப்பில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேமராவுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"என்ன விலைம்மா?"

"அம்பது டாலர் சித்தப்பா."

மனதுக்குள் பெருக்கிப் பார்த்திருப்பார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நாலாயிரம் ரூவா புக்கு, வெறும் பசையில நிக்குது. ஒரு தையல் போட்டா என்னவாம்?"

பிறகு சொல்லிக்கொடுத்தார். பழைய பசையைச் சுரண்டு, நகத்தால் இல்லை, வெண்ணெய்க் கத்தியின் முதுகால். ஃபெவிக்காலில் கொஞ்சம் தண்ணீர், தோசை மாவுப் பதம். பிரஷ்ஷால் முதுகுக்கு மட்டும் தடவு, பக்கத்தில் வழிந்தால் ஈரத்துணி. இரண்டு பக்கமும் பட்டர் பேப்பர். மேலே நல்ல கனம் வைத்து ராத்திரி முழுக்க விடு. கை சும்மா இருக்காமல் நடுவில் எடுத்துப் பார்க்காதே.

கனத்துக்கு என்ன வைப்பது? மாமியார் பதில் சொல்லாமல் போய் டேபிள்டாப்பின் டிரம்மைக் கல்லோடு தூக்கி வந்து வைத்தார். மார்ச் 10-ஆம் தேதி பிறகு வரும் என்றேனே, வந்துவிட்டது.

25 மே

பிடித்துக்கொண்டது. அட்டை கொஞ்சம் கோணல். ஒரு எலும்புக்கூட்டின் மேல் ஃபெவிக்கால் சொட்டு காய்ந்து பளபளவென்று இருக்கிறது.

8 ஜூன்

மேசையில் நடந்ததைச் சொல்கிறேன், யோசனையாக எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். விலை பற்றி அதிகம் புலம்புவது டிஎம்கள். ஏனென்றால் வாங்குவதும் அவர்கள்தான். அஞ்சு பேர் விளையாட, ஒருவர் 150 கொடுக்கிறார். மற்றவர்கள் பென்சில் கொண்டு வருகிறார்கள், அதையும் மறந்துவிட்டுப் போகிறார்கள். இதைக் கேட்கப் பத்து வருஷம் எனக்கு வாய் வரவில்லை. விருந்தாளியிடம் சாப்பாட்டுக்குக் காசு கேட்கிற மாதிரி ஒரு கூச்சம்.

வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டேன். ஆளுக்கு மாதம் 5 டாலர், என்னையும் சேர்த்து ஆறு பேர். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். அடுத்த புத்தகம் எது என்று எல்லோரும் சேர்ந்துதான் முடிவு. முதல் முடிவே எனக்கு எதிராக வந்தது. புதுசு வேண்டாம், உங்கள் அலமாரியில் பிரிக்காமல் இருக்கிற இரண்டையும் முதலில் விளையாடுவோம் என்றார்கள்.

20 செப்டம்பர்

மூணு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. மாமியார் ஊருக்குத் திரும்பினார், பையனுக்குப் பள்ளி தொடங்கியது.

இந்த வாரம் புதிதாக ஆட வருகிறவர்களுக்கான தொடக்கப் பெட்டி வந்திருக்கிறது, எல்லைக்கோட்டை என்ற பழைய சாகசத்தை வைத்து. 49.99. 2014-இன் தொடக்கப் பெட்டி 19.99. 2022-இல் வந்ததும் 19.99. புதிய பெட்டியில் அட்டைகள், டோக்கன்கள், வரைபடங்கள் என்று நிறைய இருக்கின்றன, கடையில் பிரித்து வைத்ததைப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 20 டாலர் என்பது மருமகனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற விலை. 50-க்கு, அவன் விளையாடுவானா என்று அவன் அம்மாவிடம் முதலில் கேட்க வேண்டியிருக்கும்.

மார்ச்சில் கேள்வி கேட்டவர் இன்னும் இங்கே இருந்தால்: 2-ஆம் தேதி நான் சொன்னதில் எண்கள் சரி, பார்த்த இடம் தப்பு. உள்ளே இருப்பவர்களுக்கு விலை ஏறவில்லை. வாசலில் ஏறியிருக்கிறது.

21 செப்டம்பர்

"வாசலில் இலவச விதிகள் இருக்கின்றனவே, ஏப்ரலில் நீங்களே எழுதினீர்களே" என்று ஒருவர் பிடித்துவிட்டார். எழுதினேன். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் தொகுப்பு 5.2-ஐத் தேடிப் போய்ப் படித்தா உள்ளே வருவான்? பெட்டியைப் பிரித்துப் பகடையை உருட்டிப் பார்த்துத்தான் வருவான். சரி, யாராவது ஒரு அக்கா உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாலும் வருவான். அப்படி வந்தவர்கள்தான் என் மேசையில் மூன்று பேர்.

4 அக்டோபர்

பாட்டிலில் சேர்ந்தது 150, இருப்பது 128. பீட்சாவுக்கு என்று எடுத்த 22 இன்னும் வரவில்லை. எடுத்தவர் இதைப் படிப்பார்.